வெள்ளவத்தையிலேதான் தங்குவோம்

மகன் இராசநாயகம் வக்கீல் படிப்புக்காகச் சீமைக்குக் கப்பலேறப் போகிறான் என்று உறுதியானதும் சண்முகலிங்கத்துக்கு ஒரு பெரிய கவலை பிடித்துக்கொண்டது. கொழும்பில் எந்தப் பகுதியில் தங்குவது?

அவர் மலாயாவில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து பென்சனோடு யாழ்ப்பாணம் திரும்பியவர். கோலாலம்பூரில் ஒரு வெள்ளைக்காரத் துரை தம்மோடு கைகுலுக்கிய கதையை ஊரில் அநேகருக்குச் சொல்லியிருந்தார். இன்னும் கேளாதவர்களைத் தேடிக்கொண்டுமிருந்தார்.

அவருடைய மனைவி கனகேஸ்வரிக்குக் கொழும்பிலே கூடப்பிறந்த தங்கை இருந்தாள். கொட்டாஞ்சேனையில் மாடி வீடு. துறைமுகத்துக்கு நடந்தே போகலாம். ஆனால் அந்தத் தங்கை துறைமுகக் கிளாக்கர் சவிரிமுத்துவைக் கட்டி, கிறிஸ்தவ வேதத்துக்கு மாறி, பாலேஸ்வரி என்ற பெயரை மாக்ரெட் ஆக்கிக்கொண்டவள். அன்றிலிருந்து அக்காளும் தங்கையும் பேசுவதில்லை. பேசக்கூடாது என்று முடிவு செய்தவர் சண்முகலிங்கம்.

“கப்பலடியிலைதானே அவளின்ரை வீடு. அங்கை நிண்டால் பிள்ளையை ஆறுதலா ஏத்திவிடலாம்” என்றாள் கனகேஸ்வரி.

“கொட்டாஞ்சேனையோ! மீன் நாத்தமும் மூட்டை தூக்கிற சனமும். மரியாதையான யாழ்ப்பாண ஆக்கள் எல்லாரும் இப்ப வெள்ளவத்தையிலை. நாங்களும் அங்கைதான்.”

வெள்ளவத்தையில் அவருக்குத் தூரத்து உறவு நவரத்தினம் இருந்தான். கந்தோர் ஒன்றில் கிளாக்கர். ‘கடற்கரைப் பக்கம்’ என்று அவன் வர்ணித்திருந்த வீடு கடலைவிட்டு விலகி, காலி வீதிக்கு மறுபக்கம், கால்வாயோரம், மூன்று குடும்பம் பங்குபோட்டு இருக்கும் வீடாக இருந்தது. முன்னறையில் ஒருவரும் உட்காரக் கூடாத மெத்தைக் கதிரைகள். விருந்தாளிகளுக்குச் சைக்கிள் வைக்கும் ஒடுங்கிய அறை.

“பக்கத்து வீட்டிலை டாக்குத்தர் அண்ணை. முன் வீட்டிலை கோட்டுக்குப் போற ப்ரொக்டர்” என்றான் நவரத்தினம், அவர்கள் இரண்டு பேரையும் தானே பெற்று வளர்த்தவன் மாதிரி. அந்த டாக்டருக்கு இவனுடைய பெயர்கூடத் தெரியாது.

இரவு முழுக்க நுளம்புக் கடி. சண்முகலிங்கம் தம் கன்னத்தில் தாமே அறைந்துகொண்டு, “நல்ல இடமப்பா” என்றார். கனகேஸ்வரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

கப்பல் புறப்படும் நாள், பெட்டிகளோடு இராசநாயகம் முன்னதாகவே வெளிக்கிட்டான்.

“அம்மா, ஜெட்டியிலையிருந்து லோஞ்ச் படகிலைதான் கப்பலுக்குக் கொண்டுபோவினம். அது ஒருத்தருக்காகவும் காத்து நிக்காது. நேரத்துக்கு வந்திடுங்கோ.”

மற்றவர்கள் ஹயர் காரில் போனார்கள். பம்பலப்பிட்டியில் ஒரு பெரிய கேற்றைக் கண்டதும் நவரத்தினம் காரை நிறுத்தச் சொன்னான்.

“அட்வகேட் கதிர்காமநாதன்ரை வீடு. தம்பியும் வக்கீலாகத்தானே வரப்போறார். ஒருக்கா முகத்தைக் காட்டிப்போட்டுப் போவம் அண்ணை.”

“திரும்பி வரேக்கை பாக்கலாம்” என்றாள் கனகேஸ்வரி.

அதற்குள் சண்முகலிங்கம் சால்வையைச் சரிசெய்துகொண்டு இறங்கிவிட்டார்.

அட்வகேட் குளித்துக்கொண்டிருந்தார். வேலைக்காரன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். சண்முகலிங்கம் அந்தக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கனகேஸ்வரி காரில் இருக்கமாட்டாமல் வாசற்படிவரை வந்தாள்.

“பிள்ளை போகப்போறான், எழும்புங்கோ.”

அவர் அவளைப் பார்த்த பார்வையில், மலாயாவில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர்கள் பட்ட பாடு தெரிந்தது.

கடைசியில் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அட்வகேட் வந்தார். நின்றுகொண்டே கேட்டார்: “காணி வழக்கோ? என்ரை கிளாக்கரைப் பாரும்.” பதிலுக்கு நிற்காமல் பேப்பரோடு உள்ளே போய்விட்டார்.

“பெரிய மனிசன். எவ்வளவு வேலை!” என்றார் சண்முகலிங்கம், காரில் ஏறும்போது.

அவர்கள் ஜெட்டிக்கு ஓடிவந்தபோது லோஞ்ச் துறைமுகத்தின் நடுவே போய்க்கொண்டிருந்தது. அதில் யாரோ கை அசைத்தார்கள். அது தன் மகன்தானா என்று கனகேஸ்வரியால் சொல்ல முடியவில்லை.

கம்பித் தடுப்பைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றாள். திரும்பியபோது அது மாக்ரெட். கண் இரண்டும் சிவந்திருந்தன.

“அக்கா, நேத்துப் பின்னேரம் பிள்ளை எங்கடை வீட்டை வந்து பயணம் சொல்லிப்போட்டுப் போனவன். கடைசி மட்டும் உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவன். லோஞ்சுக்காரன் சத்தம் போட்டாப் பிறகுதான் அதுக்குள்ளை இறங்கினான்.”

கனகேஸ்வரி புருஷனைப் பார்த்தாள்.

“கார்க்காரன் மெதுவா விட்டிட்டான்” என்றார் அவர்.

“கார் ஓடினது. நீங்கள்தான் நிண்டனீங்கள்.” அவள் சத்தம் போடவில்லை. “நான் தங்கச்சி வீட்டை போறன்.”

“இதென்ன கதை! நவரத்தினம் என்ன நினைப்பான்?”

“அவனோடையே போய் நில்லுங்கோ. பக்கத்திலை டாக்குத்தர் இருக்கிறாரெல்லே. நுளம்புக் கடிக்கு மருந்து தருவார்.”

நவரத்தினம் கடலைப் பார்த்தான். கனகேஸ்வரி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பழைய கதை ஒன்றும் இருவரும் எடுக்கவில்லை. மாடியேறிய பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள். தங்கை யன்னலைத் திறந்துவிட்டாள். கப்பல் அலைதடுப்பைத் தாண்டிப் போவது அங்கிருந்து தெரிந்தது. அது புகையாகிக் கரையும்வரை கனகேஸ்வரி யன்னலை விட்டு அசையவில்லை. அதற்குப் பிறகு சவிரிமுத்து வாங்கிவந்த பாரை மீன் குழம்போடு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

வெள்ளவத்தையில் நவரத்தினத்தின் மனைவி, “அக்கா எங்கை?” என்று கேட்டாள். நவரத்தினம் வாயைத் திறப்பதற்குள் சண்முகலிங்கம் முந்திக்கொண்டார்: “அட்வகேட் வீட்டிலை நிண்டு போகச் சொல்லி மறிச்சுப்போட்டினம்.” நவரத்தினமும் ஓமென்று தலையாட்டினான். அவனுடைய மனைவி அன்று முழுக்கப் பொறாமையில் வெந்தாள்.

அவர் தனியாகவே மெயில் ரெயிலில் ஊர் திரும்பினார். மகன் ஏடனில் இறங்கிச் சின்னம்மாவுக்குச் சுகம் என்று எழுதிய செய்தி கொட்டாஞ்சேனைக்கு வந்த பிறகுதான் கனகேஸ்வரி புறப்பட்டாள். வரும்போது மாக்ரெட்டையும் கூட்டிக்கொண்டு, பட்டப்பகலில், ஒழுங்கையில் நின்ற சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வீட்டுக்கு வந்தாள். பார்க்க வந்த பெண்களால் விறாந்தை நிறைந்தது. சண்முகலிங்கம் தம் சாய்மனைக் கதிரையைத் தாமே தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனார். அவரை ஒருவரும் தேடவில்லை.