யாரும் நிற்காத வரிசை

இங்கிலாந்தில் தார்ன்சி நகரத்துக் கடற்கரைச் சாலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நீளமான வரிசை ஒன்று நின்றது. அதில் ஆட்கள் யாரும் இல்லை. நாயோடு நடக்கப் போன ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்தான் முதலில் அதை அறிந்தார். நடைபாதையைக் கடந்து கடல் பக்கம் போகப் பார்த்தபோது தோளில் ஏதோ இடித்தது. "மன்னிக்கணும்" என்றார். கொஞ்சம் தள்ளிப் போய்க் கடந்தார், அங்கும் இடித்தது, அங்கும் மன்னிப்புக் கேட்டார். மூன்றாவது இடத்தில் நாயே உட்கார்ந்துவிட்டது. பொழுது ஏறியதும் ஊருக்கே தெரிந்துபோயிற்று. குளிரில் பல உயரங்களில் மூச்சு மட்டும் புகைந்தது. மழை பெய்தால் துளிகள் தலை உயரத்தில் தட்டி, தோள் இருக்க வேண்டிய இடத்தில் வழிந்து, சொட்டின. மூடிக்கிடந்த வங்கிக்கும் பழைய துணிக்கடைக்கும் நடுவே இருந்த நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலக வாசலில் வரிசை தொடங்கியது. மீன் வறுவல் கடையையும் கடலுக்குள் நீண்ட கேளிக்கைத் துறைமேடையையும் தாண்டி, ஊர் முடிந்து உப்புச் சேறு ஆரம்பிக்கிற இடத்தில் முடிந்தது. நகரசபை கூடி, வாகனம் நிறுத்துவதற்கான அபராதத்தை இதற்கும் விதிக்கலாமா என்று ஆலோசித்தது. சக்கரம் இல்லாததால் விட்டுவிட்டார்கள்.

இந்த வினை எப்படி வந்தது என்றால், நாட்டின் குடிவரவு அமைச்சர் கிளைவ் பெல்லமிக்குத் தார்ன்சிதான் தொகுதி. சனிக்கிழமைதோறும் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்து குறை கேட்பார். கேட்கும்போது தலையாட்டுவார்; தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முந்தின மாதம் லுவாம் என்ற எரித்ரியப் பெண் அவரிடம் வந்திருந்தாள். தஞ்சம் கேட்டு வந்து, அரசாங்கம் தங்கவைத்த கடற்கரை ஓட்டலில் இரண்டு குளிர்காலம் அடைந்து கிடந்து, ஒருவழியாக அனுமதி கிடைத்து, முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். அவள் கணவன் கிப்ரோம் எங்கோ ஓர் அகதி முகாமில் இருந்தான். இப்படிப் பிரிந்தவர்கள் சேர்வதற்கு இருந்த ஒரே வழியை அரசாங்கம் அந்த வருஷம்தான் அடைத்திருந்தது.

"வரிசை ஒண்ணு இருக்கும்மா. எல்லாரும் அதுலதான் வரணும்" என்றார் பெல்லமி.

"அது எங்க இருக்கு சார்? நான் போய் அவருக்கு இடம் பிடிக்கிறேன்."

பெல்லமி இன்னும் கொஞ்சம் தலையாட்டினார். "தகவல் வரும்."

தன் பதில் அவருக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. அடுத்த வாரம் நாடாளுமன்றத்தில் எழுந்து, வரிசை இருக்கிறது, நியாயமானவர்கள் அதில் நிற்கிறார்கள் என்றும், தான் கண்ணால் கண்டதாகவும் சொன்னார். எதிர்க்கட்சி வரிசையிலிருந்து ஓர் அம்மாள், அதன் கடைசி ஆள் எங்கே நிற்கிறார் என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். அந்தச் சபையில் ஒருவரைப் பொய்யர் என்று சொல்லக்கூடாது. ஆனால் அமைச்சர் தெரிந்தே பொய் சொன்னால் பதவியை விட வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை அமைச்சகத்தார் நான்கைந்து நாள் பார்த்தார்கள். பத்திரிகைகள் விடவில்லை. ஆள் தொலைந்தான் என்று எல்லாரும் முடிவு கட்டிய நிலையில்தான் வரிசை வந்து நின்றது. பெல்லமி அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். சொன்ன சொல் மெய்யாகிவிட்டதால் எதிர்க்கட்சி அம்மாள்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

லுவாம் புதன்கிழமை வேலை முடிந்து வந்தாள். வரிசையின் தலைப்பிலிருந்து நடந்தவள் மீன் கடையைத் தாண்டியதும் நின்றாள். சுருதி சேராத விசில் ஒன்று கேட்டது. ஒரே பாட்டை, ஒரே இடத்தில் தவறவிடும் விசில். கீழே நடைபாதை மணலில் இரண்டு செருப்புத் தடங்கள் மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தன. கையை நீட்டினாள். காற்றில் ஒரு முழங்கை அகப்பட்டது. அவளுக்கு அழுகை பொங்கியது. அதைவிடப் பயம் பொங்கியது. ஏனென்றால் கிப்ரோம் பிறந்ததிலிருந்து எந்த வரிசையிலும் நின்றவன் இல்லை. சொந்த ஊரான அஸ்மாராவில் ரொட்டிக் கடைக்கு அவன் வருகிறான் என்றால் ஜனங்கள் அவன் முழங்கைக்குப் பயந்து விலாவைக் கையால் மறைத்துக்கொள்வார்கள். கல்யாணத்தன்று தேவாலயத்திலேயே இன்னொரு ஜோடியை முந்தியவன்.

"ஏ மனுஷா! இங்கயாவது சும்மா நில்லு" என்று முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். "இது ரொட்டிக் கடை இல்ல. இந்த ஊர்க்காரங்க கொலைகாரனைக்கூட மன்னிப்பாங்க, முண்டியடிக்கிறவனை மன்னிக்க மாட்டாங்க. கேக்குதா?"

விசில் நின்றது. தன் தலையில் இருந்த நீலக் கம்பளித் தொப்பியைக் கழற்றி அவள் அவன் தலையில் மாட்டினாள். அது அவள் உயரத்துக்கு ஒரு சாண் மேலே காற்றில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை முகாமிலிருந்து தொலைபேசியில் பேசிய கிப்ரோம், நாலஞ்சு நாளா கால் ரெண்டும் விறைக்குது, ஆனா தலை மட்டும் கதகதன்னு இருக்கு, என்ன வியாதின்னு தெரியல என்றான். அவள் விவரத்தைச் சொன்னாள். அவனும் ஆச்சரியப்படவில்லை. "எனக்கு முன்னாடி நிக்கிறவன் ரொம்ப மெதுவா மூச்சு விடுறான். அவனைத் தாண்டிப் போயிடலாமா?" என்று மட்டும் கேட்டான். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

டெரிக் ஸ்டோக்கோ என்பவர் ஊர்ப் பேருந்து ஓட்டுபவர். ஒரு வருஷமாக ஞாயிறுதோறும் கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஓட்டலை மூடு, ஆட்களைத் திருப்பி அனுப்பு என்று வாசலில் நின்று கத்தியவர். லுவாம் ஓட்டலில் இருந்த காலத்தில் அவர் குரலைக் கேட்டுத்தான் ஞாயிறு என்று தெரிந்துகொள்வாள். வரிசை வந்த பிறகு அவர் கொடியோடு இங்கே வந்தார். மேலும் கீழும் நடந்து பார்த்தார். குற்றம் சொல்ல எதுவும் அகப்படவில்லை. இடிக்கவில்லை, தள்ளவில்லை, நடுவில் யாரும் நுழையவில்லை. அப்படி ஒரு சுத்தமான வரிசையை அவர் தம் பேருந்து நிறுத்தத்தில்கூடக் கண்டதில்லை.

"நீலத் தொப்பி உன் ஆளா கண்ணு?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரர்."

"ஆடிக்கிட்டே இருக்கானே. ஒண்ணுக்கு வருதோ?"

"பழக்கம் அது. நிக்கத் தெரியாது."

"நிக்கச் சொல்லு. இடத்தை விட்டா வாலுக்குத்தான் போகணும். போன வாரம் ஒருத்தர் விலகிப் போனாரு, சேத்துல போய் மறுபடி நின்னாரு, கால் தடத்தை நானே பார்த்தேன். எனக்கு உங்க ஆளுங்க வர்றதுல இஷ்டமில்ல, அது வேற விஷயம். ஆனா வரிசைன்னா வரிசை. நின்னவனுக்கு முறை வந்தாகணும்."

முறைதான் வரவில்லை. பெல்லமி அலுவலகத்தின் முன்கதவைப் பூட்டச் சொல்லிவிட்டார். குப்பைத் தொட்டிச் சந்து வழியாகப் பின்கதவில் புகுந்து குறை கேட்டார். குளிர்காலம் முழுக்க வரிசை அப்படியே நின்றது. ஊர்க்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. ஓட்டலைப் பார்த்து இரங்காத நெஞ்செல்லாம் நகராத வரிசையைப் பார்த்து இரங்கியது. சுவரின்மேல் தேநீர்க் குவளைகளை வைத்தார்கள். சற்று நேரத்தில் தேநீர் தானாகக் குறைந்தது, குவளை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. தொப்பி பின்னிப் போட்டார்கள். துணிக்கடைக்காரி குடை கொடுத்தாள். மாசி மாதத்துக் கடற்காற்றில் சாலை நெடுகத் தொப்பிகளும் குடைகளும் ஆள் இல்லாமல் நடுங்கின.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை பின்சந்தை ஒரு பழுதான லாரி அடைத்துக்கொண்டது. பெல்லமியோடு தொலைக்காட்சிக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர் முன்கதவுக்குப் போனார். சாவியை எடுத்தார். "ஒரு நிமிஷம்" என்று காற்றிடம் சொல்லி, தலைப்பில் காத்திருந்த வெள்ளைத் தொப்பியை இடது கையால் மெல்ல ஒதுக்கிவிட்டு உள்ளே நுழைந்தார். தொப்பி கீழே விழுந்தது.

"யோவ்!" டெரிக்கின் குரல் துறைமேடை வரை கேட்டது. "வரிசை நிக்குது, கண்ணு அவிஞ்சா போச்சு?"

இதே பெல்லமி பச்சைப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விமானத்தில் ஏற்றியபோது அரசாங்கம் ஆடவில்லை. ஓட்டல் ஒப்பந்தத்தை மைத்துனனுக்குக் கொடுத்தபோதும் ஆடவில்லை. சபையில் பொய் சொன்னதையும் பார்த்தோம். அந்த இடதுகையை அன்று மாலை நாடே பார்த்தது. கட்சிக்காரர்களே அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். செவ்வாய்க்கிழமை பிரதமர் அழைத்து, "கிளைவ், மத்ததை எல்லாம் சமாளிச்சிடலாம், இதை எப்படிப்பா சமாளிக்கிறது?" என்றார். அமைச்சர் பதவியும் போயிற்று, தொகுதியும் போயிற்று. பெல்லமி நல்ல குடும்பத்தில் வளர்ந்தவர். ஒரு குடையை எடுத்துக்கொண்டு சேற்றுப் பக்கம் போய் வரிசையின் கடைசியில் நின்றார். வைகாசிக்குள் அவரும் கரைந்து, குடை மட்டும் தெரிந்தது.

அலுவலகத்தில் ஐரிஸ் என்ற உதவியாளர் இருந்தாள். நான்கு உறுப்பினர்களுக்கு வேலை பார்த்தவள். உறுப்பினர் இல்லாவிட்டால் என்ன, சனிக்கிழமை சனிக்கிழமைதானே. அடுத்த சனிக்கிழமை முன்கதவைத் திறந்து, வழக்கம்போல வெளியே பார்க்காமலே, "அடுத்தவங்க வாங்க" என்றாள். வெள்ளைத் தொப்பி உள்ளே வந்தது. வாசற்படியைத் தாண்டியதும் அதன் கீழே சூடான் நாட்டுப் பள்ளி ஆசிரியை ஒருத்தி நின்றாள், தலையிலிருந்து கால்வரை நனைந்து. ஐரிஸ் துண்டு கொடுத்தாள். மதியம் கதவடைப்பதற்குள் இன்னும் சிலர் வந்தார்கள். உள்ளே வந்தவர்களைத் திருப்பி அனுப்ப லண்டனில் சட்டம் தேடினார்கள். முறைப்படி வரிசையில் வந்தவரை வெளியேற்ற அந்த நாட்டில் ஒரு நீதிபதியும் கையெழுத்துப் போட முன்வரவில்லை.

சனிக்கு சனி வரிசை நகர்ந்தது. லுவாம் நீலத் தொப்பியோடு கூடவே நடந்தாள், திட்டிக்கொண்டே நடந்தாள். மறு வருஷம் தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவன் தலைப்புக்கு வந்தான். கதவு மூட ஒருவருக்குத்தான் நேரம் இருந்தது. ஐரிஸ் கூப்பிட்டாள். நீலத் தொப்பி ஓரடி முன்னே போனது, நின்றது, திரும்பிப் பார்த்தது. அவனுக்குப் பின்னால் நின்ற சிவப்பு முக்காடு இரண்டு நாளாக முன்பக்கம் குனிந்தபடி முனகிக்கொண்டிருந்தது. நீலத் தொப்பி தன் இடத்தை விடாமல் பக்கவாட்டில் திரும்பி வழிவிட்டது. சிவப்பு முக்காடு உள்ளே போனது. உள்ளிருந்து முதலில் ஐரிஸ் ஆம்புலன்ஸைக் கூப்பிடும் குரலும், பிறகு ஒரு குழந்தையின் அழுகையும் கேட்டன. கதவு அடைபட்டது.

லுவாம் நடுத்தெருவில் கத்தினாள். "அட பாவி மனுஷா! ஊரையே இடிச்சுத் தள்ளிட்டுப் போவியே, உனக்கு இப்பதான் பெரிய மனுஷத்தனம் வந்துதா? என்னைப் பத்தி நினைச்சியா நீ?"

அவள் கத்தியதில் நியாயம் இருந்தது. புதிய அமைச்சர் முந்தின நாள்தான், வருகிற வெள்ளிக்கிழமையோடு வரிசை மூடப்படும் என்று அறிவித்திருந்தார். அடுத்த சனிக்கிழமை என்று ஒன்று இல்லை. அந்த வாரம் முழுக்க அவள் முதியோர் இல்லத்தில் யாரோடும் பேசவில்லை. வேலை முடிந்ததும் வந்து, கண்ணுக்குத் தெரியாத தோளில் சாய்ந்து நின்றாள்.

வெள்ளிக்கிழமை லண்டனிலிருந்து அதிகாரி ஒருவர் ரயிலில் வந்தார். பையில் ஆணை இருந்தது, கையில் தடுப்பு நாடா இருந்தது. டெரிக் பேருந்தைக் குறுக்கே நிறுத்திவிட்டுத் தயாராக இருந்தார். அதற்கு வேலை வரவில்லை. அதிகாரி நிலையத்திலிருந்து வெளியே வந்தார், வரிசையைப் பார்த்தார், அவர் கால்கள் தாமாகத் திரும்பின. சாலை நெடுக நடந்து சேற்றுக்குப் போய், குடைக்குப் பின்னால் இருந்த கடைசி ஆளுக்கும் பின்னால் நின்றுகொண்டார். சற்று நேரம் கழித்து, "இது எதுக்கான வரிசைங்க?" என்று கேட்டார்.

"தெரியல. ஆனா நகருது" என்றது பெல்லமியின் குடை.

அவருக்குப் பிறகு அனுப்பப்பட்டவர்களும் அங்கேதான் நிற்கிறார்கள்.

சனிக்கிழமை காலை ஐரிஸ் "அடுத்தவங்க" என்றாள். கிப்ரோம் படியைத் தாண்டினான். கன்னம் ஒட்டி, தாடி நரைத்து, நீலத் தொப்பிக்குக் கீழே அவனேதான். லுவாம் கைப்பையால் அவன் முதுகில் இரண்டு வைத்தாள். பிறகு அவன் நெஞ்சில் முகத்தைப் புதைத்து, விம்மி விம்மி அழுதாள். அவன் அவள் தலையைத் தடவியபடி, "ரொம்ப மெதுவா நகருது உங்க ஊரு" என்றான்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போனார்கள். அங்கே ஊர்க்காரர்கள் காய்கறிப் பைகளோடு ஒழுங்காக ஒருவர் பின் ஒருவராக நின்றிருந்தார்கள். டெரிக்கின் பேருந்து வந்து கதவு திறந்ததும் கிப்ரோம் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, தபால்காரரை ஒரு முழங்கையாலும் துணிக்கடைக்காரியை மறு முழங்கையாலும் இடித்துத் தள்ளி, எல்லாருக்கும் முன்னால் ஏறினான். லுவாம் கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாரும் டெரிக்கைப் பார்த்தார்கள். இதற்காக ஓர் அமைச்சரையே வீட்டுக்கு அனுப்பியவர் அவர். டெரிக் வாயைத் திறந்தார். நீலத் தொப்பியைப் பார்த்தார். வாயை மூடினார். கண்ணாடிக்கு வெளியே எட்டிப் பார்த்து, மழை வராதுன்னு நினைக்கிறேன் என்றார். பிறகு பயணச்சீட்டுக் கொடுத்தார்.

தார்ன்சியில் வரிசை இன்றும் நிற்கிறது. அதைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. அன்று டெரிக் வாயை மூடியதைத்தான் இப்போதும் சொல்லிச் சொல்லி வியக்கிறார்கள்.