கேக்குக்குப் போன ரிப்போர்ட்

ஜெர்லினுக்கு முப்பத்தாறு வாரம். ஸ்கேன் படுக்கையில் ஏறிப் படுக்கவே மூச்சு வாங்கியது. குழந்தையின் முகப் படம் வேண்டுமாம், விருந்துப் பேனரில் போடுவதற்கு.

"இந்தா, மூக்கு மட்டும் சரியா பாரு. அவன் மூக்கு மாதிரி இருந்தா அழிச்சிடு," என்றாள். கூட வந்த நாத்தனார் மாரிசா அவள் காலில் தட்டினாள். "எங்க அண்ணன் மூக்குக்கு என்னடி குறை?"

ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்தேன். அன்று பார்த்தது அப்படியே இருந்தது. குழந்தையின் தொப்புளுக்கு வலப்பக்கம் ஓர் ஓட்டை. அதன் வழியே குடல் வெளியே வந்து நீரில் மிதந்தது.

பத்து வாரத்துக்கு முன் இதே அறையில் இதை முதலில் பார்த்தவள் நான். டாக்டரம்மா லுமாயாக் வந்து உறுதி செய்தார். குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைக்கு உடனே அனுப்பவும் என்று ரிப்போர்ட்டில் எழுதினார். அப்படிப்பட்ட இடத்தில் பிறந்தால் இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் பிழைத்துவிடும். எங்கள் ஊர் துபிகோனில் அப்படி ஓர் இடம் இல்லை. கடல் தாண்டி செபு நகரத்துக்குப் போக வேண்டும்.

"செபுல என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"செபுவா? நான் எதுக்கு அங்க போறேன்? மருத்துவச்சி வீடு ரெண்டு தெரு தள்ளிதானே இருக்கு."

"ரிப்போர்ட்ல..."

"அதை நான் பாக்கவே இல்லையே! ஆணா பொண்ணான்னு ஞாயித்துக்கிழமைதான் தெரியும். நாளைக்கு என் புருஷன் எல்மர் கப்பல்லேருந்து இறங்குறான். ரெண்டு பேரும் சேந்து கேக்கை வெட்டுவோம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முன்கூட்டித் தெரிய வேண்டாம் என்று தாய் சொன்னால், ரிப்போர்ட்டை உறையிலிட்டு ஒட்டிக் கொடுப்போம். அது நேரே கேக் செய்பவளிடம் போகும். அவள் பிரித்துப் பார்த்து, கேக்குக்குள்ளே நீலமோ ரோஸோ வைப்பாள். மாதம் பத்து உறையாவது நான் ஒட்டுகிறேன்.

"மருத்துவச்சி ரிப்போர்ட் கேக்கலையா?"

"கேட்டா. பார்ட்டி முடியட்டும்னேன். சரின்னுட்டா, அவளும்தான் வர்றா."

வெளியே போய், கேக் செய்யும் நிடா அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ஐயோ, சத்தமா பேசாதே, அவ பக்கத்துல இருக்காளா?" என்றாள். "ஆணா பொண்ணாங்கிற வரியை மட்டும் பாத்துட்டு மூடி வச்சிட்டேன். மத்ததெல்லாம் டாக்டர் பாஷை. கேக் போடறவளுக்கு அதெல்லாம் எதுக்கு?"

டாக்டரின் அறைக்குப் போனேன். அவர் நிமிரவில்லை.

"நான்தான் எழுதிட்டேனே. படிக்காதது யார் தப்பு?"

"நாம அவகிட்ட வாயைத் திறந்து சொல்லலையே, டாக்டர்."

"அவளோட டாக்டர் சொல்லணும்."

"அவளுக்கு டாக்டரே இல்ல. மருத்துவச்சிதான்."

"நீ டெக்னீஷியன். படம் எடு. சொல்றதும் சொல்லாததும் என் வேலை."

"அப்ப வந்து சொல்லுங்க."

மூன்று வருடத்தில் என் குரல் அந்த அறையில் அவ்வளவு உயர்ந்ததில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "வெளியில பதினாலு பேர் காத்திருக்காங்க," என்றார்.

நானே சொன்னேன். திரையைத் திருப்பி, ஓட்டையைக் காட்டி, குடலைக் காட்டிச் சொன்னேன். நாக்கு குழறியது. ஆனாலும் முழுதாகச் சொன்னேன். மாரிசா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நீ அழாதே," என்றாள் ஜெர்லின். பிறகு என்னைப் பார்த்தாள். "அன்னிக்கே பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு ஒட்டிக் குடுத்தே. வாழ்த்துக்கள்னு வேற சொன்னே."

சொல்லியிருந்தேன். எல்லோரிடமும் சொல்வேன்.

"இங்க பொறந்தா?"

"பொழைக்கிறது கஷ்டம்."

"அங்க பொறந்தா?"

"பெரும்பாலும் பொழைச்சிடும்."

"இதைச் சொல்ல உனக்குப் பத்து வாரமா?"

வயிற்றில் இருந்த ஸ்கேன் ஜெல்லைத் துடைக்காமல், சட்டையை இறக்கிவிட்டு எழுந்தாள். செருப்புகூடப் போடவில்லை. காத்திருந்த பெண்களைத் தாண்டி டாக்டரின் கதவைத் தள்ளினாள்.

"டாக்டரம்மா, செபுவுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. என் புள்ளையைப் பத்தி எனக்குக் கேக்காம இனிமே யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"இப்போ நான் வேற பேஷண்டை..."

"நான் நிக்கிறேன். எனக்கு இங்கேயே வலி வந்தாலும் நிப்பேன்."

உள்ளே இருந்த கர்ப்பிணி நாற்காலியை விட்டு எழுந்து, அதை ஜெர்லின் பக்கம் நகர்த்தினாள். ஜெர்லின் உட்காரவில்லை. டாக்டர் போனை எடுத்தார்.

திங்கட்கிழமை படுக்கை கிடைக்கும் என்றது மறுமுனை.

"இன்னிக்கு," என்றாள் ஜெர்லின்.

"இன்னிக்கே வேணும்," என்றார் டாக்டர், மெல்ல.

"சத்தமா சொல்லுங்க."

சொன்னார். மறுமுனையில் யாரையோ கூப்பிட்டுக் கேட்டார்கள். பிறகு, அழைத்து வரச் சொன்னார்கள்.

மாரிசா பை எடுக்க வீட்டுக்கு ஓடினாள். ஜெர்லின் என் பக்கம் திரும்பினாள். "நீயும் வா. வழியில வலி வந்தா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்."

"வேலை நேரத்துல போனா, அப்படியே போயிடு," என்றார் டாக்டர்.

நான் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டேன்.

மதியம் இரண்டு மணிப் படகில் ஏறினோம். ஜெர்லின் என் பக்கத்தில் உட்காரவில்லை. மாரிசாவை நடுவில் உட்காரச் சொன்னாள். வயிறு இறுகியபோதெல்லாம் மாரிசாவைத் தாண்டிக் கை நீட்டி, என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள். நான் கையை இழுக்கவில்லை.