இடது கை இறக்கிய சுருதி

மாலை ஐந்து பத்து வண்டியை அறிவித்துக்கொண்டிருந்தபோது, வாக்கியத்தின் பாதியில், ரயில் நிலைய அறிவிப்பாளரின் குரல் இரண்டு கட்டை மேலே போயிற்று. தொண்டையில் கோளாறு எதுவுமில்லை. இரண்டு தெரு தள்ளி மாடியறையில், விளம்பரங்களுக்கு இசை போடும் அவள் கணவன் சிந்தசைசரில் ஒரு குமிழைத் திருகியிருந்தான், அவ்வளவுதான். கல்யாணமான வாரம் சுருதி பார்க்கும் கருவி பழுதாகிவிட, அவளை ‘ஆ’ சொல்லச் சொல்லி, அந்தக் குரலுக்கே சிந்தசைசர் பெட்டியைச் சுருதி சேர்த்திருந்தான். அன்றே இரண்டும் முடிச்சுப் போட்டுக்கொண்டுவிட்டன.

அந்தப் பெட்டியில் ஓர் ஒலி இன்னொரு ஒலியைப் பிடித்து உலுக்கும். உலுக்கல் கூடினால்தான் வெறும் விசில் வெண்கல மணியாகும். கூடக்கூடச் சுருதியும் மேலே நழுவும். கதவு திறக்கும்போது அடிக்க, லிஃப்ட் கம்பெனி மணியோசைதான் கேட்டிருந்தது. நிலையத்திலோ, ஏதோ குழந்தை மைக்கில் விளையாடுகிறது என்று நினைத்து, அந்த வாரம் மட்டும் நாற்பது பேர் வண்டியைக் கோட்டை விட்டார்கள். நிலைய அதிகாரி கூப்பிட்டு, “இன்னொரு தடவை கீச்சுன்னா, பதிவு பண்ண குரலைப் போட்டுடுவேம்மா” என்றார்.

அவள் வீட்டுக்கு வந்து பையை எறிந்தாள். “உங்க மணிக்கு என் வேலையா பலி?”

“சுருதி சேர்த்துட்டுத்தானே உலுக்கறேன்!”

“சட்டையப் போட்டுட்டுக் குளிக்கற மாதிரி. உலுக்கும்போதே இறக்குங்களேன். இன்னொரு கை சும்மாதானே கெடக்கு?”

மறுநாள் முதல் வலது கை உலுக்கலைக் கூட்ட, இடது கை சுருதியை இறக்கியது. காது ஜன்னலில், நிலையத்து ஒலிபெருக்கியில். ஆரம்பத்தில் அளவு தப்பி, ஆறு மணி வண்டி ஆம்பிளைக் குரலில் வந்து சேர்ந்தது. பிறகு கை படிந்தது. முதுகு அரித்தால் மச்சினன் வந்து சொறிந்துவிட்டுப் போனான். குமிழ்களை மட்டும் கணவன் விடவில்லை. இப்படியே பத்தொன்பது வருஷம். ஊரெல்லாம் லிஃப்டுகள் மணியடித்தன. ஒருவரும் வண்டியைத் தவறவிடவில்லை.

பணி ஓய்வு பெற்ற அன்று, அவள் செருப்பைக் கழற்றியதும் மாடியேறி வந்தாள். மணி ஒலித்துக்கொண்டிருந்தது.

“இனிமே இடது கையை எடுங்க. சுருதி எவ்வளவு தூரம்தான் போகுதுன்னு பார்ப்போமே.”

“முழுசாவா?”

“முழுசா.”

எடுத்தான். பழக்க தோஷத்தில் அவள் ஐந்து பத்து வண்டியை அறிவிக்கத் தொடங்கினாள். குரல் விசிலாகி, கொசுவாகி, காதுக்கு எட்டாமல் போயிற்று. உதடுகள் மட்டும் அசைந்தன. தெருநாய்கள் எழுந்து நின்றன. நிலையத்தில் காத்திருந்தவர்கள், எதுவும் கேட்காமலே, பிளாட்பாரத்து மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் ஓரடி நகர்ந்துகொண்டார்கள். வண்டி வந்தது.