விரல் வைத்த வரி

நவம்பர் மாதத்தில் மீனவர்கள் ஏன் கடலுக்குப் போகவில்லை என்பது ஆங்கில வாசிப்புப் பயிற்சியில் வந்த கேள்வி. மீனலோசனி அதிகம் யோசிக்கவில்லை. காற்று மாறிவிடும், கடல் அடிக்கும், வள்ளம் இறக்க ஏலாது என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒழுங்காக எழுதிக் கொடுத்தாள். யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் தெரிந்த விடை அது. வகுப்பு எடுக்கிற ரஜீபன் அதைச் சிவப்புப் பேனையால் ஒரே இழுவையில் வெட்டினான்.

"விரல் எங்க, அக்கா?"

அவளுடைய இடக்கை மடியில் கிடந்தது.

"வாசிக்கத் தந்த பந்தியில என்ன கிடக்கு? துறைமுகத்தைத் திருத்தினவங்கள், அதால வள்ளம் ஓடேல்ல. காத்தைப் பற்றி ஒரு சொல்லாவது இருக்கோ?"

"நவம்பரில கடல் அடிக்குந்தானே, சேர்."

"அது எங்கட கடல். இது நோர்வே."

பின்வரிசை வாங்கில் இருந்த மேரிசுகந்தி விடவில்லை. "நோர்வேக்காரனுக்கும் வாடைக்காத்து வீசத்தானே வேணும் சேர். பாவம், லோசனிக்கு அரைப் புள்ளியாவது போடுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். மீனலோசனியும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்குப் போகும்வரை அந்தச் சிவப்புக் கோடு மனதுக்குள் கிடந்தது. பிழை விட்டதைவிட, அது பிழை என்று இன்னும் முழுதாக நம்ப முடியாமல் இருந்ததுதான் அவளுக்குக் கவலை.

வகுப்பு வங்களாவடிச் சந்தியில், பூச்சிமருந்துக் கடைக்கு மேல்மாடியில் நடந்தது. பலகைத் தளத்தின் இடுக்குகளால் மருந்து வாசனை மேலே வந்துகொண்டிருக்கும். பட்டப்படிப்பை முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருந்த ரஜீபன், பின்னேரங்களில் வெளிநாட்டுச் சோதனை எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தான். மாணவர்களில் பாதிப்பேர் அவனைவிட மூத்தவர்கள். அவனிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. பந்தியில் உள்ள தகவலைக் கேட்கிற கேள்விக்கு விடை எழுதும்போது, இடக்கைச் சுட்டுவிரல் அந்த விடை கிடக்கிற வரியில் இருக்கவேண்டும். விரலுக்கு வரி கிடைக்காவிட்டால், உலகத்துக்கே தெரிந்த உண்மையானாலும் எழுதக் கூடாது. "தரப்படவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். மேரிசுகந்தி இதற்கென்றே அந்த ஒரு விரலுக்கு மட்டும் நகப்பூச்சுப் பூசிக்கொண்டு வருவாள்.

மீனலோசனி எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். கேள்வியை முதலில் வாசிப்பாள். முக்கியமான சொல்லின்கீழ் கோடிடுவாள். அந்தச் சொல்லையோ அதற்கு நெருங்கிய சொல்லையோ பந்தியில் தேடுவாள். இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, எழுதுகிற நேரத்தில் தலைக்குள் இருப்பதை எழுதிவிடுவாள். இரண்டு தடவை சோதனைக்கு இருந்து, இரண்டு தடவையும் வாசிப்பில் ஒன்பது புள்ளிக்கு ஐந்துக்கு மேல் போகவில்லை. ஆறு வேண்டும் என்று துஷ்யந்தன் சொல்லியிருந்தான்.

துஷ்யந்தன் அவளுடைய புருசன். மடத்துவெளியை விட்டுத் தெற்கே போய்க் கடை நடத்தி, பிறகு மொத்தமாகக் கனடாவுக்குப் போய்விட்ட குடும்பம். அவன் லீவில் வந்து, கலியாண எழுத்தும் தாலிகட்டும் ஒரே கிழமையில் முடித்து, அவளைப் புளியங்கூடலில் தகப்பன் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனான். அது நடந்து நாலாவது வருசம். வவுனியாவில் கிடைத்த அரசாங்க வேலைக்கு அவள் போகவில்லை. இன்னும் மூன்று மாதத்தில் வெளிக்கிடப் போகிறவளுக்கு அது எதற்கு என்று ஊரே சொன்னது. மூன்று மாதம் என்று ஊருக்குச் சொன்னவள் அவள்தான்.

அவளைக் கூப்பிடும் விண்ணப்பத்தை அவன்தான் அங்கிருந்து போடவேண்டும். முதலில் வேலை மாறுகிறேன் என்றான், பிறகு வீடு மாறுகிறேன் என்றான். போன வருசம் புதிதாக ஒன்று வந்தது. "சட்டத்தை மாத்திப்போட்டாங்கள். இனிப் பெண்சாதிமாரும் இங்கிலீசுச் சோதினை பாஸ் பண்ணவேணுமாம்." ஊரில் இதை ஒருவரும் சந்தேகப்படவில்லை. அடுத்த ஒழுங்கைப் பிள்ளை ஒன்று டொச் படித்துச் சோதனை எழுதித்தான் ஜேர்மனிக்குப் போனது. இன்னொன்று ஆங்கிலம் படித்து லண்டனுக்குப் போனது. சோதனை கேட்காமல் இந்தக் காலத்தில் யார் பெண்ணைக் கூப்பிடுகிறான்? கனடாவுக்குப் போன என்ர பிள்ளை சோதனை ஒண்டும் எழுதேல்லயே என்று யாரோ ஒரு தாய் கோயிலில் சொன்னபோது, "அது முந்தி மாமி, இப்ப இறுக்கிப்போட்டாங்கள்" என்று மீனலோசனியே விளக்கம் சொன்னாள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் ரஜீபனிடம் பயிற்சிப் பந்திகள் தீர்ந்துபோயின. வகுப்பில் இருந்த பலர் கனடாவுக்குப் போகிற எண்ணத்தோடு படிப்பவர்கள். அதனால், அந்த நாட்டு அரசாங்கத்தின் குடிவரவுப் பக்கங்களில் ஒன்றை இணையத்தில் இருந்து அச்செடுத்து, தானே கேள்விகள் போட்டுக் கொண்டுவந்தான். கணவனோ மனைவியோ தன் துணையைக் கூப்பிடுவது எப்படி என்பது பற்றிய பக்கம்.

"உங்களுக்குப் பிரயோசனப்படும். வாசிச்ச மாதிரியும் இருக்கும், விசயம் அறிஞ்ச மாதிரியும் இருக்கும்" என்றான்.

மீனலோசனிக்கு அன்று முதல்தடவையாக வாசிப்பு ஓடியது. ஒவ்வொரு கேள்விக்கும் விரல் தானாகப் போய் வரியில் நின்றது. ஐந்தாவது கேள்வி, கூப்பிடப்படுகிற மனைவி மொழிச் சோதனைப் பெறுபேறு காட்டவேண்டுமா என்று கேட்டது. ஓம், இல்லை, தரப்படவில்லை. அவள் விரலை எடுத்துவிட்டு "ஓம்" என்பதற்குக் கீழே கோடிட்டாள். இதற்கு வரி தேடத் தேவையில்லை. ஒரு வருசமாக இதற்காகத்தானே இந்தப் படி ஏறி இறங்குகிறாள்.

ரஜீபன் விடைகளை வாய்விட்டுக் கேட்டுக்கொண்டு வந்தான். ஐந்தாவதுக்கு மேரிசுகந்தி "இல்லை" என்றாள். மீனலோசனி "ஓம்" என்றாள்.

"விரல் எங்க, அக்கா?"

அவள் தேடினாள். ரஜீபன் கிட்ட வந்து, குனிந்து, மூன்றாவது பந்தியின் நடுவில் பேனை நுனியை வைத்தான். துணையாகக் கூப்பிடப்படுகிறவருக்கு மொழிச் சோதனை எதுவும் கேட்கப்படுவதில்லை என்று அங்கே கிடந்தது. கடினமான சொல் ஒன்றுகூட அதில் இல்லை.

"இது பழைய சட்டம் சேர். இப்ப மாத்திப்போட்டாங்கள்."

"இல்லையக்கா. கீழ திகதி போட்டிருக்கிறாங்கள், பாருங்கோ. போன மாசம்."

"இல்ல சேர், எனக்குத் தெரியும். அவர் சொன்னவர்..."

"அக்கா, உங்களுக்குத் தெரிஞ்சதைக் கேக்கேல்ல. பந்தியில..." என்று வழமைபோலத் தொடங்கியவன் பாதியில் நிறுத்திவிட்டான். அவள் யார், எதற்காக வகுப்புக்கு வருகிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது போலிருந்தது. முகம் கறுத்துப்போனது. "சரி, ஆறாவது" என்றான். ஆறாவது கேள்வியை இரண்டு தடவை வாசித்தான். யாரும் சிரிக்கவில்லை. கீழே கடையில் யாரோ தெளிகருவிக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தது மேலே தெளிவாகக் கேட்டது.

வகுப்பு முடிந்து சைக்கிளை எடுக்கும்போது மேரிசுகந்தி பக்கத்தில் வந்து நின்றாள். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் உதவியாளராக வேலை செய்கிறவள், யாருக்கும் பயப்படாத வாய்.

"உம்மட அந்தாளிட்ட ஒருக்காக் கேளுமன்."

"அவர் பிழையா விளங்கியிருப்பார், சுகந்தி."

"அங்க இருக்கிறவருக்கு விளங்கேல்ல, வங்களாவடியில இருக்கிற எங்களுக்கு விளங்கிட்டுதோ? நல்ல கதை." பிறகு குரலைத் தணித்தாள். "கோவிக்காதையும். கேக்கிறதுக்கு என்ன? கேள்வி கேக்கத்தானே இவ்வளவு நாளும் படிக்கிறம்."

"நாங்கள் விடை சொல்லத்தான் படிக்கிறம்" என்றாள் மீனலோசனி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துஷ்யந்தன் வீடியோவில் வந்தான். அங்கே சனி இரவு. பின்னால் வெள்ளைச் சுவரும் ஒரு கதவும் தெரிந்தன. மீனலோசனி குசினி மேசையில் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு இருந்தாள். அவன் பனியைப் பற்றிச் சொன்னான். கூட வேலை செய்கிற ஒருவன் விழுந்து கால் முறிந்ததைச் சொன்னான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முன்னரே யோசித்து வைத்த வசனத்தைச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, பெண்சாதிக்குச் சோதினை தேவையில்லையெண்டு கிடக்கு. அரசாங்கத்தின்ர பக்கத்திலயே இருக்கு. நான் வாசிச்சனான்."

கொஞ்ச நேரம் அவன் படம் அசையாமல் நின்றது. லைன் போய்விட்டது என்று நினைத்தாள். போகவில்லை.

"அதெல்லாம் உமக்கு விளங்காது. லோயர் சொன்னதைத்தான் நான் சொல்லுறன்."

"லோயரின்ர பேர் என்ன?"

"என்ன?"

"லோயரின்ர பேர்."

"இதென்ன பொலிஸ் விசாரணையோ? நாள் முழுக்க வேலை செய்துபோட்டு வந்து கதைக்கிறன், நீர்..."

"விண்ணப்பம் போட்டாச்சோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

அவன் நிறையச் சொன்னான். வாடகை ஏறிவிட்டதைச் சொன்னான், தாய்க்குச் சுகமில்லாததைச் சொன்னான், ஊரில் இருக்கிறவர்களுக்குக் கனடா என்றால் காசு மரத்தில் காய்க்கிறது என்ற எண்ணம் என்றான். "நீர் முதல் அந்த ஆறை எடும். மற்றதைப் பிறகு பாப்பம்" என்று முடித்தான். அவன் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் தன் இடக்கைச் சுட்டுவிரல் மேசை விளிம்பில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்ததை, போன் அணைந்த பிறகுதான் அவள் கவனித்தாள். அது ஓரிடத்திலும் நிற்கவில்லை.

தகப்பன் ஐயாத்துரை வெங்காயப் பாத்திக்குள் நின்றபடியே கேட்டார். "என்னவாம், பிள்ளை?"

"சோதினை முடிஞ்ச உடன போடுவாராம், அப்பா."

சொன்ன பிறகு, அப்படி அவன் எங்கே சொன்னான் என்று தேடிப் பார்த்தாள். பிறகு பாப்பம் என்றுதான் சொன்னான். உடனே என்ற சொல் அவளுடையது. மூன்று மாதம், சித்திரைக்குப் பிறகு, தைக்குள் எப்படியும் என்று இத்தனை வருசமும் தகப்பனுக்கும் ஊருக்கும் சொன்னவை எல்லாம் அவளுடையவையே. அவன் பொய் சொன்னானா என்றுகூட அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சொன்னானென்றால், சோதனை விசயம் ஒன்றுதான் அந்தப் பொய். மற்றவற்றை அவன் சொல்லவே இல்லை. ஒருவேளை தான் அநியாயமாக நினைக்கிறேனோ, உண்மையிலேயே அப்படி ஒரு லோயர் இருக்கிறாரோ என்றும் யோசித்தாள். அப்படி யோசிப்பது அவளுக்குச் சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தில் அவளுக்குப் பயமும் வந்தது.

மூன்றாவது தடவை யாழ்ப்பாணத்தில் சோதனைக்குப் போகும்போது, பண்ணைப் பாலத்தில் பஸ் போய்க்கொண்டிருக்கையில் அந்த எண்ணம் வந்தது. இந்த முறையும் ஐந்து வந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. அடுத்த சோதனை இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான், பனியைப் பற்றிச் சொல்வான். தாலியும் கழுத்தில் கிடக்கும். ஆறு வந்தால் அவனுக்குச் சொல்வதற்கு வேறு சாட்டு ஒன்றும் மிஞ்சாது.

வாசிப்புப் பகுதியில் மூன்றாவது பந்தி ஒரு பழைய வெளிச்சவீட்டைப் பற்றியது. அதைக் காவல் காத்தவன் எந்த மாதத்தில் தீவை விட்டுப் போனான் என்று கேட்டிருந்தது. விடை கண்ணில் பட்டுவிட்டது. பக்கத்து வரியில் வேறொரு மாதமும் இருந்தது. அதை எழுதினால் போதும். தெரியாமல் விட்ட பிழை என்று உலகம் நம்பும், ரஜீபன்கூட நம்புவான். முன்கதிரையில் இருந்த பெடியன் பக்கத்தைப் புரட்டினான். அந்தக் காவல்காரன் ஏன் போனான் என்று பந்தி சொல்லவில்லை. கேள்வியும் அதைக் கேட்கவில்லை.

இடக்கை விரல் போய்ச் சரியான வரியில் நின்றது. அவள் அதையே எழுதினாள். அடுத்ததையும் அப்படியே எழுதினாள்.

பெறுபேறு வந்தபோது வாசிப்பில் ஆறரை. ரஜீபன் போனில் துள்ளினான். மேரிசுகந்தி, "ஆறு கேட்டவருக்கு அரை இலவசமோ" என்று அனுப்பினாள். மீனலோசனி பெறுபேற்றைப் படம் எடுத்துத் துஷ்யந்தனுக்கு அனுப்பினாள். வேறொன்றும் எழுதவில்லை.

பதில் வர அன்று இரவும் மறுநாள் பகலும் போனது. பின்னேரம் கிணற்றடியில் நிற்கும்போது வந்தது.

"நல்ல விசயம். சந்தோசம். இப்ப இஞ்ச நிலமை கொஞ்சம் சரியில்ல. அம்மாவோடயும் கதைக்கவேணும். ஆறுதலாக் கதைப்பம். உடம்பைப் பாத்துக்கொள்ளும்."

அவள் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, போனின் கண்ணாடியில் விரலை வைத்து முதலாவது வசனத்தில் இருந்து மெதுவாகக் கொண்டுவந்தாள். விரல் பட்டதும் எழுத்துகள் மேலே போய்விட்டன. திரும்பக் கீழே இழுத்து, இன்னொரு தடவை வாசித்தாள்.

நீர் இறைக்கிற மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலால் ஐயாத்துரை பாத்திக்குள் இருந்து குரல் கொடுத்தார்.

"மருமோனோ? என்னவாம்? எப்ப போடுறாராம்?"

சித்திரைக்குப் பிறகு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"அதில ஒண்டும் சொல்லேல்ல, அப்பா."

"ஆ?" மோட்டர்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

அவள் போய் மோட்டரை நிறுத்தினாள். தண்ணீர் வாய்க்காலில் மெதுவாக வடிந்து நின்றது. அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தபடி நின்றார். அவள் பாத்தி வரம்பில் அவருக்குக் கிட்டப் போய், போனை நீட்டினாள்.

"எப்ப எண்டு அவர் ஒருநாளும் சொல்லேல்ல, அப்பா. நான்தான் சொன்னனான்."