பெட்டி மேல் பெட்டி

உத்தமபாளையத்தில் விஜய்ராஜ் நடத்தும் டிசைன் கடையில்தான் வேல்விழிக்கு வேலை. அவள் செல்போன் நிறைய ஒரு வெளிநாட்டு டிசைனரின் போஸ்டர்கள். எழுத்தை நடுவில் வெட்டுவார், தலைகீழாகத் தொங்கவிடுவார். சிலதில் பாதி எழுத்துதான் இருக்கும். பக்கத்தில் இன்னொன்றை ஒட்டினால்தான் சொல் முழுசாகும். பார்க்கிறவனையும் வேலை வாங்குகிறாரே மனுஷன் என்று அவளுக்கு ஒரே கிறக்கம்.

“என்னத்தா, கரையான் அரிச்ச மாதிரி இருக்கு!” என்று கஸ்டமர்கள் முன்னாலேயே சிரிப்பார் விஜய்ராஜ்.

அந்தப் பாணியில்தான் திராட்சைப் பெட்டிக்கு வரைந்தாள். ‘பன்னீர்’ என்கிற ரகப் பெயரின் எழுத்துகளே உருண்டு திரண்டு குலையாகத் தொங்கின. திராட்சை விவசாயிகள் சங்கத்தில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். விஜய்ராஜ் கூசாமல், “ராப்பகலா உக்காந்து நான் வரஞ்சதுண்ணே” என்றார். அனுமந்தன்பட்டியில் அவருக்குப் பாராட்டு விழா என்று நோட்டீசும் அடித்தாகிவிட்டது.

வேல்விழி அவர் மேசை முன்னால் போய் நின்றாள். “அண்ணே, எம்பேரு?”

“ஒம்பேரப் போட்டா பழம் இனிக்குமாக்கும்? ஃபைல பிரஸ்ஸுக்கு அனுப்பு ஆத்தா.”

“மேடையிலயே ஒன் மானத்த வாங்குறேன் இரு” என்று முணுமுணுத்துக்கொண்டே, பெட்டியின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் கொடி மாதிரி சில கோடுகளை இழுத்துவிட்டு அனுப்பினாள்.

மாதிரிக்கு வந்த ஒற்றைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் விஜய்ராஜ். “கொடி அம்சமா இருக்கு. அடிக்கச் சொல்லு.” பத்தாயிரம் பெட்டி வந்து இறங்கியது.

விழாவன்று காலை, மாலையும் கழுத்துமாக மைக்கைப் பிடித்தார். பின்னால் லோடுமேன் கோட்டைச்சாமி பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“ஒவ்வொரு கோடும் இந்தக் கையால போட்டது...”

“அப்ப வேல்விழிங்கிறது யாருண்ணே?” என்றார் கோட்டைச்சாமி.

மேல்பெட்டியின் அடிக்கோடுகளும் கீழ்ப்பெட்டியின் தலைக்கோடுகளும் சேர்ந்த இடத்திலெல்லாம் ஒரே வரி: ‘வரைந்தவள் வேல்விழி.’

கூட்டம் கொல்லென்று சிரித்தது. விஜய்ராஜ் ஓடிப்போய் ஒரு பெட்டியை உருவினார். கையில் வெறும் கொடிதான் இருந்தது. திரும்ப வைத்தார். திரும்பவும் அவள் பெயர்.

“அடுக்காதீகய்யா! தனித்தனியா வைங்க!”

“அடுக்காம எப்பிடிண்ணே லாரியில ஏத்துறது? தேனி வரைக்கும் ஆளுக்கொரு பெட்டிய மடியில வச்சுக்கிட்டுப் போவாகளாக்கும்?”

முன்வரிசையில் வேல்விழி கைதட்டினாள். மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் நிறுத்தவில்லை.