தளிகை உள்ளில் ஒரு குளியலறை

பாஷ்யம் மனைவியிடம் எதையும் வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை. காபி வேண்டுமென்றால் காலி டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பார். ரங்கநாயகி புரிந்துகொள்ள வேண்டும். நாற்பத்திரண்டு வருஷமாக அவளும் புரிந்துகொண்டுதான் வந்தாள். அப்படிப்பட்ட மனுஷர் பக்கவாதம் வந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து, வலது கை விழுந்து, வலது கால் பாதி விழுந்து, பேச்சு குழறக் கண் விழித்தபோது, முதன்முதலாக வாயைத் திறந்து ஒன்று கேட்டார்.

"நாயகி, மத்ததெல்லாம் போனாப் போறது. கொல்லைக்குப் போறது, அலம்பிக்கறது, அந்த ஒண்ணுக்கு மட்டும் என்னை இன்னொருத்தர் கையில விட்டுடாதே. உன் கையிலயும் வேண்டாம்."

சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. சொன்ன கையோடு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தும் ஒரு பையனிடம்கூடச் சாக்பீஸ் எடுத்துத் தரச் சொல்லாதவர். ரங்கநாயகி "சரி" என்றாள். அவள் சரி என்று சொன்ன எதையும் செய்யாமல் விட்டதில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

அவர்கள் வீடு மாமல்லபுரத்தில், பெருமாள் கோவிலுக்குப் பின்தெருவில். அகலம் குறைச்சல், நீளம் அதிகம். முன்னால் கூடம், அப்புறம் படுக்கை அறை, அதை ஒட்டித் தளிகை உள். சமையலறை என்று அந்த வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே பொங்குவது முதலில் பெருமாளுக்கு, மிச்சம்தான் மனுஷாளுக்கு. பெருமாளும் அங்கேயேதான் இருந்தார், கிழக்குச் சுவரை ஒட்டிக் கோவிலாழ்வார் என்கிற மரப் பெட்டிக்குள். தளிகை உள்ளைத் தாண்டினால் பின் தாழ்வாரம், மூன்று படி கீழே. அதற்கும் அப்பால் கிணறு. கொல்லைக் கோடியில் கக்கூஸ். படுக்கையிலிருந்து அதுவரைக்கும் நாற்பது தப்படி. பாஷ்யத்தால் நாலுகால் ஊன்றுகோலை இடது கையில் பிடித்துச் சமதரையில் பத்துத் தப்படி வைக்க முடிந்தது. படி என்று ஒன்று வந்தால் தீர்ந்தது.

ஆகவே அவரைச் செங்கல்பட்டிலேயே, ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் அவர் தம்பி கேசவன் வீட்டில் விட்டாள். அங்கே லிஃப்ட் உண்டு. தினமும் காலையில் ஓர் ஆள் வந்து அவரைத் தூக்கி உட்காரவைத்து, அலம்பிவிட்டுப் போவான். அந்த ஆளைப் பற்றிப் பாஷ்யம் ஒரு வார்த்தை பேச மாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரங்கநாயகி பஸ் ஏறிப் போய்ப் பார்க்கும்போது, "வேலை எது வரைக்கும் வந்திருக்கு?" என்று மட்டும் கேட்பார்.

வேலைக்கு ஏற்பாடு செய்தது பெங்களூரில் இருக்கும் பெண் மீரா. பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஒரு கம்பெனி. அவர்கள் ஆள் அனுப்ப மாட்டார்கள், ஒரு செங்கல்கூட எடுத்து வைக்க மாட்டார்கள். கொத்தனாரை நீங்கள்தான் பிடிக்க வேண்டும், டைல்ஸை நீங்கள்தான் வாங்க வேண்டும். எதற்கு அப்புறம் எது, எங்கே ஏமாறக் கூடாது என்று போனில் சொல்லித் தருவார்கள். மொத்தம் பதினாலு கட்டம். ஒவ்வொன்றுக்கும் படம் எடுத்து அனுப்பினால் பச்சைக் குறி விழும், விழுந்தால்தான் அடுத்தது. அறுபத்தாறு வயசில் ரங்கநாயகி மறுபடி பரீட்சை எழுத ஆரம்பித்தாள்.

சொல்லித் தந்தவள் பெயர் காயத்ரி. குரலை வைத்துப் பார்த்தால் இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். கெட்டிக்காரி, பொறுமைசாலி. வீட்டை அளந்து, படம் பிடித்து அனுப்பச் சொன்னாள். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள்.

"அம்மா, எல்லாக் கணக்கும் போட்டுப் பாத்துட்டேன். பின்னாடி சாய்தளம் போட நீளம் பத்தலை, நடுவுல கிணறு வருது. ஹால்ல கட்டினா டிரெய்னேஜ் எடுக்க வழி இல்லை. தண்ணியும் டிரெய்னேஜும் சாரோட பெட்ரூம் லெவல்ல இருக்கறது உங்க கிச்சன் மட்டும்தான். கிச்சனைப் பின் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோயிடலாம். கிச்சன் இருக்கற எடத்துல பாத்ரூம். பெட்லேர்ந்து ஒம்பதே ஸ்டெப்."

ரங்கநாயகி போனைக் காதில் வைத்தபடியே தளிகை உள்ளைப் பார்த்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இரண்டு நாள் யோசித்தாள். அந்த இரண்டு நாளும் கண்ணை மூடினால் கேசவன் வீட்டுக்கு வரும் அந்த ஆள்தான் வந்தான். மூன்றாம் நாள் காலையில் பெருமாள் முன்னால் விழுந்து எழுந்து, "சரிம்மா" என்று சொல்லிவிட்டாள்.

மூன்றாவது கட்டத்தில் ஒரு கேள்வி இருந்தது: இந்த அறையைப் பயன்படுத்தப் போகிறவரிடம் திட்டத்தைக் காட்டிச் சம்மதம் வாங்கியாகிவிட்டதா? ரங்கநாயகி போனில் ஆம் என்று தொட்டாள். அவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? கேட்காமலே புரிந்துகொள்கிறவள்தான் நல்ல பெண்டாட்டி என்று அவளுக்கு யாரோ சொல்லித் தொலைத்திருந்தார்கள். உள்ளுக்குள் பயமும் இருந்தது. கேட்டால் வேண்டாம் என்பார். கட்டி முடித்துக் கண்ணால் பார்த்தால் ஒத்துக்கொள்வார் என்று நினைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாஷ்யமே கேட்டார்.

"எங்கே கட்டறே?"

"உள்ளேயே. ஒரு படிகூடக் கிடையாது. நீங்களே போய்ண்டு வரலாம்."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்த பிறகு அவளால் மேலே சொல்ல முடியவில்லை.

கோவில் பட்டரை அழைத்துப் பெருமாளைக் கூடத்துக்கு எழுந்தருளப் பண்ணினாள். "மாமாவுக்குத் தெரியுமோ?" என்று பட்டர் கேட்டதற்கு "தெரியும்" என்றாள். கொத்தனார் ஜெயக்குமார் திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துக் கிராமம். சுத்தமான வேலைக்காரன். விஷயத்தைக் கேட்டதும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான்.

"இன்னாமா சொல்றீங்கோ? சாமி இருந்த எடத்துல கக்கூஸா? நான் மொத அடி வெக்க மாட்டேன்மா. புள்ளகுட்டிக்காரன் நானு."

ரங்கநாயகி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவன் சுத்தியலைத் தூக்கி, நாற்பத்திரண்டு வருஷம் தான் சமைத்த மேடையில் தானே ஓங்கிப் போட்டாள். முதல் அடிக்கு ஒரு சில்லுதான் பெயர்ந்தது. நாலாவது அடியில் மேடை விரிந்தது. அவள் அழுதுகொண்டிருந்ததை ஜெயக்குமார் பார்த்தும் பார்க்காதது மாதிரி, "தள்ளுமா, கையி பேந்துக்கப் போவுது" என்று சுத்தியலை வாங்கிக்கொண்டான்.

அதற்கப்புறம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. இந்த மாதிரி வேலைகளில் ஏதாவது ஒன்று கோணலாகப் போவதுதான் வழக்கம். இதில் ஒன்றுகூடப் போகவில்லை. காயத்ரி விட மாட்டாள். தரையில் தண்ணீரைக் கட்டி இரண்டு நாள் நிறுத்திக் கசிவு பார்க்கச் சொன்னாள். ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றி அது ஓடுகிற திசையை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னாள். உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காத கைப்பிடிக் கம்பிதான் வேண்டும் என்று மூன்று தடவை திருப்பி அனுப்பவைத்தாள். சாரின் இடது முழங்கை தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று கேட்டு, கம்பியை அந்த உயரத்தில், இடது பக்கமாகப் பொருத்தச் சொன்னாள். மூன்றடிக் கதவு, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி. "இந்தப் பொண்ணு கீதே, இது மேஸ்திரிக்கே மேஸ்திரிமா" என்று ஜெயக்குமார் சலித்துக்கொண்டான். ஆனால் சொன்னபடி செய்தான். நாற்பத்தொன்றாம் நாள் பதிமூன்றாவது பச்சைக் குறி விழுந்தது. உட்கார்ந்து எழுந்து, கம்பியைப் பிடித்துப் பார்த்து, ரங்கநாயகிக்குத் தன்மேலேயே கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

புதன்கிழமை காலை கேசவன் அண்ணாவைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். பார்க்கத் தானும் வருவேன் என்று ஜெயக்குமார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கூடத்தில் நின்றான். பாஷ்யம் கட்டிலில் சற்று ஓய்வெடுத்தார். பிறகு யாரும் சொல்லாமலே ஊன்றுகோலை எடுத்தார். காலை இழுத்து இழுத்து ஒன்பது தப்படி. கதவை ரங்கநாயகி திறந்துவிட்டு ஒதுங்கினாள்.

அவர் உள்ளே போகவில்லை. தரையைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், கிழக்குச் சுவரைப் பார்த்தார்.

"பெருமாள் எங்கே?"

"கூடத்துல எழுந்தருளப் பண்ணியிருக்கேன். ஒரு வேளை விடாம ஆராதனம் நடக்கறது. ஒரு குறையும் இல்லை."

"இங்கே... இந்த இடத்துல உக்காந்துண்டு... நானா?"

"நீங்கதானே கேட்டேள்?"

"கேட்டேன்." உதடு ஒரு பக்கம் இழுத்தது. "இப்படிக் கேட்டேனா?"

திரும்பினார். திரும்புவதற்கே அவருக்கு அத்தனை நேரம் பிடித்தது. மறுபடி ஒன்பது தப்படி. கட்டிலில் படுத்துச் சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். "சாரு ஒண்ணுமே சொல்லாம பூட்டாரேமா" என்று ஜெயக்குமார் மெதுவாகச் சொன்னான். அப்புறம் போய்விட்டான்.

அன்று மாலை வேறு வழியில்லாமல் போயிற்று. ரங்கநாயகிதான் பெட்பான் வைத்தாள், அவள்தான் அலம்பினாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. அவள் அதையும் துடைத்தாள்.

மறுநாளிலிருந்து பாஷ்யம் சாப்பிடவில்லை. சாதம் வேண்டாம், கஞ்சி வேண்டாம், காபி வேண்டாம், தண்ணீர் வேண்டாம். உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே ஒன்றும் வராது. கணக்கு வாத்தியார் கணக்குத்தான். அவளுக்கு அது மத்தியானம்தான் உறைத்தது. கெஞ்சினாள், கத்தினாள், கேசவன் வீட்டுக்கே போய்விடலாமா என்றாள். "இது என் ஆம், என் வீடு" என்று தலையை ஆட்டி மறுத்தார். தெருக்கோடி டாக்டர் வந்து ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றப் பார்த்தார். இடது கையில் ஏற்றினால் வாயால் இழுத்தார், வலது கையில் ஏற்றினால் இடது கையால் பிடுங்கினார். மீரா சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் காயத்ரி கூப்பிட்டாள், பதினாலாவது கட்டத்துக்காக.

"சார் யூஸ் பண்றாராம்மா? பிடி உயரம் சரியா இருக்கா?"

ரங்கநாயகி எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்தப் பெட்டி சாமின்னு எனக்குத் தெரியலைம்மா. போட்டோல ஷெல்ஃபுன்னு நெனச்சேன்."

"உன்மேல தப்பு இல்லைடி குழந்தே. தெரிஞ்சவ நான்."

"மறுபடி கிச்சனாவே மாத்திடலாம்மா. இருபது நாள்ல முடிச்சுடலாம். நான் கூடவே இருக்கேன்."

"அதையும் அவர்கிட்ட சொல்லிப் பாத்துட்டேன். கக்கூஸ் இருந்த இடத்துல பெருமாளுக்குத் தளிகை பண்ணுவியான்னு கேட்டார்."

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று காயத்ரி அழுகிற குரலில் சொல்லி வைத்தாள்.

போனை வைத்த பிறகுதான் ரங்கநாயகிக்கு அந்த யோசனை வந்தது. பாஷ்யம் பிறந்ததிலிருந்து மறுக்காத ஒன்று இருந்தது, பெருமாள் தீர்த்தம். வெள்ளி வட்டிலில் துளசி போட்டுப் பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப் பண்ணி எடுத்துக்கொண்டு போனாள். அவர் வாயைத் திறந்தார். வழக்கப்படி துளிக் கரண்டியான உத்தரணியால் மூன்று தடவை விட்டாள். வறண்ட தொண்டை அசைந்து விழுங்கியது. அவளுக்கு உயிர் வந்தது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ஆராதனம், மறுபடி மூன்று உத்தரணி. அப்புறம் இன்னொன்று. உத்தரணி போய்ச் சின்னக் கரண்டி வந்தது. பெருமாளுக்கு அன்று போல ஒரு நாளில் அத்தனை ஆராதனம் நடந்ததே இல்லை. ஆறாவது தடவை பாஷ்யம் அவளைப் பார்த்தார்.

"இன்னிக்கு எத்தனை வேளை, நாயகி?"

"ஆறு."

அவர் வாயைத் திறந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இருந்தும் தீர்த்தத்தை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று ரங்கநாயகி நினைத்தாள். நாளைக்கு மீரா வந்துவிடுவாள், அதுவரைக்கும் இப்படியே தள்ளிவிடலாம்.

சாயங்காலம் நாலு மணிக்கு அவர் வேஷ்டியும் படுக்கையும் நனைந்தன. அவர் கூப்பிடவில்லை. அவள்தான் வாடையை வைத்துத் தெரிந்துகொண்டு வந்தாள். வேஷ்டியை உருவி, ஈரத் துணியால் துடைத்து, புரட்டிப் போட்டு, வேறு கட்டிவிட்டாள். ஒன்பது தப்படி தள்ளிப் புதுக் கதவு திறந்தே கிடந்தது. அவர் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. அவள் செய்கிற ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். "மன்னிச்சுடுங்கோ" என்றாள்.

விளக்கேற்றிய பிறகு அவள் மறுபடி வட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். பாஷ்யம் கூடத்துப் பக்கம் பார்த்து, இடது கையை மட்டும் தூக்கி நெற்றியில் வைத்துச் சேவித்தார். அவள் கரண்டியை உதட்டருகே கொண்டுபோனாள். அவர் வாயைத் திறக்கவில்லை.