மன்னருக்கு அடியெடுத்துக் கொடுத்தவன்

எங்கள் கல்லூரி நாடகத்தில் மன்னர் வேடம் அண்ணனுக்குக் கிடைத்தது. அண்ணன் என்றால் பெரியப்பா மகன். என்னைவிட மூன்றே மாதம் மூத்தவன். அந்த மூன்று மாதத்துக்காக ஆயுள் முழுக்க அவனை அண்ணா என்று கூப்பிடும் தண்டனை எனக்கு. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. உயரம், குரல், மூக்கு மட்டும் மொத்தமாக அவன் பக்கம் போய்விட்டன.

மன்னர் வேடத்துக்கு நானும் பேசிக் காட்டினேன். பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திறந்ததும், “உனக்கு ஞாபக சக்தி நல்லா இருக்குப்பா,” என்றார். அதோடு என் நடிப்பு வாழ்க்கை முடிந்தது. பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு, கையில் நாடகப் பிரதியைக் கொடுத்து, வசனம் மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

பழைய காலத்து நாடகம். மன்னரின் மைத்துனன் ஒரு கொலை செய்கிறான். பழி தோட்டக்காரன் மேல் விழுகிறது. மன்னருக்கு உண்மை தெரியும். தோட்டக்காரனைத் தூக்கில் போட்டால் ஆட்சி தப்பும். உண்மையைச் சொன்னால் கவிழும்.

“இதுல வில்லன் மைத்துனன் இல்ல,” என்றார் பேராசிரியர் ஒத்திகையில். “நியாயம் தெரிஞ்சும் வாயைத் திறக்காம இருக்கிறவங்க எல்லாரும்தான்.”

எல்லோரும் தலையாட்டினோம். நானும் நன்றாகவே ஆட்டினேன்.

நாடகம் இரண்டு நாள். முதல் நாள் வீட்டாருக்கும் மாணவர்களுக்கும். மறுநாள் நடுவர்கள் முன்னால். சிறந்த நடிகருக்குக் கோப்பை உண்டு.

முதல் நாள் வந்த அம்மா, “நீ என்ன வேஷம்டா?” என்று கேட்டாள்.

“திரைக்குப் பின்னாடிம்மா.”

“அங்க உன்னை யாருடா பாப்பாங்க?” என்றாள். பெரியப்பா மகனைப் பார்க்க முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

கடைசிக் காட்சி. கை கட்டப்பட்ட தோட்டக்காரன் மண்டியிட்டிருந்தான். அண்ணன் எழுந்து, “குற்றவாளி...” என்று ஆரம்பித்தான். நின்றான். கண் மெல்ல என் பக்கம் திரும்பியது. மறந்துவிட்டான்!

‘என் சிம்மாசனத்தின் நிழலில் நிற்கிறான்.’ வரி என் விரலுக்கடியில் இருந்தது. கிசுகிசுத்தால் போதும். ஒரு மன்னரே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிரதியை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

அண்ணனுக்கு வியர்த்தது. கிரீடத்தைக் கழற்றினான். படியில் தொப்பென்று உட்கார்ந்தான். அரங்கத்தில் யாரும் இருமக்கூட இல்லை. அரை நிமிடம் கழித்து தானாகவே ஞாபகம் வந்து, உடைந்த குரலில் அந்த வரியைச் சொன்னான். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பிறந்தபோதுகூட அவள் அப்படி அழுததாகத் தகவல் இல்லை.

அண்ணன் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான். “டேய், நீ வேணும்னேதான சொல்லாம விட்ட?”

“ஆமாண்ணா,” என்று உண்மையைச் சொன்னேன்.

“எனக்குத் தெரியும்டா! மன்னன் தடுமாறணும்னு உனக்குத் தோணியிருக்கு பாரு. நாளைக்கும் அப்படியே விட்டுடு. நானே நிறுத்திட்டு, நானே சொல்லிக்கிறேன். கோப்பை நம்ம வீட்டுக்குத்தான்.”

நம்ம வீடு என்றால் பெரியப்பா வீடு. அவனைக் கவிழ்க்க எனக்கு ஒரே வழிதான் மிச்சம்: கடமையைச் செய்வது.

மறுநாள், “குற்றவாளி...” என்று அழகாக நிறுத்தினான். கை கிரீடத்துக்குப் போனது.

“என் சிம்மாசனத்தின் நிழலில் நிற்கிறான்!” என்றேன். கடைசி வரிசைவரை கேட்கும் கிசுகிசுப்பு.

அரங்கம் சிரித்தது. அண்ணன் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு, வாய்ப்பாடு ஒப்பிப்பவன்போல வரியைச் சொல்லி முடித்தான். கோப்பையைத் தோட்டக்காரன் வாங்கிக்கொண்டு போனான். பேராசிரியர் என் தோளைத் தட்டி, “நேத்து தூங்கிட்டியேன்னு திட்டலாம்னு இருந்தேன். இன்னிக்குதான் வேலையை ஒழுங்கா பாத்திருக்க,” என்றார்.

ஒப்பனை அறையில் அண்ணன் கண்ணாடி முன்னால் தாடியை உரித்துக்கொண்டிருந்தான். “பேசி வச்சது பதட்டத்துல மறந்து போச்சா? பரவாயில்லடா, விடு. இந்தப் பக்கம் கொஞ்சம் பிச்சு விடேன், பசை பிடிச்சுக்கிச்சு.”

பக்கத்தில் போய் நின்றேன். ஆமாம் என்றால் முடிந்துவிடும்.

“மறக்கலண்ணா,” என்றேன்.

கண்ணாடியில் என்னையே பார்த்தான்.

“மெதுவா பிய்டா, வலிக்குது,” என்றான்.

நான் இன்னும் தாடியில் கை வைக்கவே இல்லை.